ஜன்னலில் ஏறிய சங்குப்பூ

“ஜன்னல்ல கொடிய ஏத்தாதீங்க. பாம்பு வரும்,” என்றாள் நான்சி.

அவள் கணவன் அமலன் காதில் வாங்கவில்லை. சங்குப்பூக் கொடியின் தளிர்களை ஒவ்வொன்றாக இழுத்து, ஹால் ஜன்னல் கம்பியில் சணலால் கட்டினான்.

எதிர்வீட்டு ஜோஸ்பின் டீச்சர் தெருவைக் கடந்து வந்தார். “செழிப்பா இருக்கே தம்பி!”

“எங்க டீச்சர்? நுனிய மட்டும் ஆடு கடிச்சிட்டுப் போயிருது.”

டீச்சர் குனிந்து பார்த்தார். “இது ஆடு கடிச்சதில்ல, யாரோ நகத்தால கிள்ளுனது. நல்லதுதான். கிள்ளக் கிள்ளத்தான் பக்கக் கிளை வெடிச்சு அடர்த்தியாப் படரும். ஒரு மழை விழட்டும், ஜன்னலே தெரியாது!”

நான்சி நகத்திலிருந்த பச்சைக் கறையைப் புடவையில் தேய்த்தாள்.

டீச்சர் கிளம்பிப் போனார்.

எதிர்வீட்டுக்குத் தெரிகிற ஜன்னல் அது ஒன்றுதான். டீச்சர் பார்த்துவிடுவாரோ என்றுதான் அமலன் ஓங்கிய கை ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது. அது மூடிவிடக் கூடாதென்றே, அவனுக்குத் தெரியாமல் அவள் தினமும் நுனிகளைக் கிள்ளினாள்.

அமலன் அவள் நகங்களைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

“டீச்சர் சொன்னது கேட்டுச்சுல்ல? மிச்சத்தையும் கிள்ளிவிடு.”