நாலாவது டேக்

பியானோ கலைஞர் எட்வினின் மூவர் குழுவுக்கு, ரசிகர்கள் முன்னால் வாசித்து நேரடியாகப் பதிவுசெய்த ஜாஸ் ஆல்பங்களால்தான் பெயர். ஏரிக்கரை மீனவ ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் மட்டும் எதுவும் சரியாக அமையவில்லை. மூன்று முறை வாசித்தும், போட்டுக் கேட்டால் ஊர்ப்பக்கமிருந்து யாரோ கட்டையால் தட்டும் சத்தம். ஒவ்வொரு முறையும் அவர் எரிந்து விழுந்து, கீபோர்டை ஏரிப்பக்கமாகத் தள்ளிப் போடச் சொன்னார்.

"படகைத் தட்ற சத்தம் சார்," என்றாள் வேடிக்கை பார்த்த அங்காளம்மாள், இறால் பிடிப்பவள். "தட்டுனா மீனு பயந்து அந்தாண்ட விரிச்ச வலைப்பக்கம் ஓடும். வலைக்குள்ள வந்துட்டா நிறுத்திடுவாங்க. ஆனா இன்னிக்கு யாரும் தொழிலுக்குப் போவலியே."

"எவனா இருந்தா இன்னா? இன்னும் தள்ளிப் போடுங்கடா!" என்று கத்தினார் எட்வின்.

நான்காவது முறை, கணுக்கால் தண்ணீரில் நின்று வாசித்தார்கள். போட்டுக் கேட்டபோது தட்டும் சத்தம் இல்லை.