மெதுவாக்கிக் கொடுங்க

"இந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் மெதுவாக்கிக் கொடுக்கணும், தம்பி."

சர்வீஸ்காரர் தன் காதைத்தான் சந்தேகப்பட்டார்.

"வேகமாக்கணுமா அம்மா?"

"மெதுவாக்கணும்."

தெருமுனையில் அவர் கடை போட்டுப் பதினொரு வருஷமாகிறது. நெட் இழுக்குது, திரை திக்குது, கேம் பாதியில நிக்குது என்று ஊரே அவரிடம் புலம்பியிருக்கிறது. நன்றாக ஓடுகிற மெஷினின் காலைக் கட்டச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். இரண்டிலும் ஒரே மாதிரி வளைந்த பெரிய திரை, ஒரு ஸ்டியரிங், கீழே பெடல்கள். கார் பந்தயம் ஆடுகிறவர்களின் சாமான். அந்த அம்மா ஜன்னலோர மேசையைக் காட்டினார்.

"அவர் பிசியோதெரபிக்குப் போயிருக்கார். பதினொன்றரைக்கு வந்துடுவார். அதுக்குள்ள முடிச்சிடணும். விஷயம் அவர் காதுக்குப் போகக்கூடாது."

"சாருக்கு என்னம்மா?"

"முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவர். ரிட்டயர் ஆனதும் ஆசை ஆசையா இதையெல்லாம் வாங்கிப் போட்டார். மார்ச்ல பக்கவாதம் வந்துடுச்சு. ஆள் தேறிட்டார். வலது கைதான் இன்னும் சொன்னபடி கேக்க மாட்டேங்குது."

சர்வீஸ்காரருக்கு மனசு கசந்தது. பையனுக்குப் பரீட்சை என்று நெட்டைக் குறைக்கச் சொன்ன அப்பாக்களைப் பார்த்திருக்கிறார். கை சரியில்லாத புருஷனுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே பொழுதுபோக்கிலும் மண்ணைப் போடுகிற மனைவியை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

சொல்லிப் பார்த்தார். "விளையாடிட்டுப் போகட்டுமே அம்மா. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிற மனுஷன்."

"விளையாடணும்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்."

அதற்கு மேல் வாயைக் கொடுக்காமல் வேலையில் இறங்கினார். நொடிக்கு நூற்று அறுபத்தைந்து தடவை படம் மாறுகிற திரையை அறுபதுக்கு இறக்கினார். கிராபிக்ஸ் கார்டை அரை வேகத்தில் ஓடும்படி கட்டி வைத்தார்.

"நெட்டையும் குறைக்கணுமா?"

"குறைங்க. ஆனா அந்தப் பக்கத்து மேசைக்குத் துளிகூடக் குறையக்கூடாது."

ஓஹோ, இவங்களோடதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகக்கூடாதோ என்று நினைத்துக்கொண்டே, ஜன்னலோரக் கம்ப்யூட்டருக்கு மட்டும் மோடத்தில் வரம்பு வைத்தார்.

"ஆச்சு. சார் வந்ததும் ஓட்டிப் பார்க்கட்டும்."

"நானே பார்த்துடறேன்."

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியின் உயரமும் பெடலின் தூரமும் அவருக்கென்றே அளந்து வைத்த மாதிரி இருந்தன. கார் சீறிக் கிளம்பியது. முதல் இரண்டு வளைவுகளை அலட்சியமாக ஒடித்துத் திருப்பினார். மூன்றாவதில் திரை ஒரு கணம் பின்தங்க, கார் புல்லில் இறங்கியது.

"நல்லாருக்கு" என்றார், திருப்தியாக.

"இது... உங்க கம்ப்யூட்டரா அம்மா?"

"ஆமா. பக்கத்து மேசைல இருக்கிறதுதான் அவரோடது. தினமும் சாயங்காலம் ரெண்டு பேரும் போட்டி போடுவோம். மார்ச்சுக்கு அப்புறம் ஒரு ஆட்டம்கூட அவர் ஜெயிக்கலை."

"தோக்கறதுக்கா இவ்வளவு பாடு? கொஞ்சம் விட்டுக்கொடுத்தா முடிஞ்சு போச்சே."

"செஞ்சு பார்த்தேனே. பஸ் ஓட்டின மனுஷன், நான் எந்த இடத்துல வேணும்னே பிரேக்கை மிதிச்சேன்னு அப்படியே சொல்லிட்டார். எழுந்து போனவர் மூணு நாள் இந்தப் பக்கமே வரலை." ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். "இப்படி இருந்தா நான் உயிரைக் கொடுத்து ஓட்டலாம். அப்படியும் தோக்கலாம்."

சர்வீஸ்காரர் மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தார்.

"ஒரேயடியா தோத்தா சந்தேகம் வரும்மா. திரையை அறுபதுலேர்ந்து எழுபத்தஞ்சுக்கு ஏத்தி வைக்கிறேன். நாலு ஆட்டத்துல ஒண்ணு உங்களுக்கு விழும்."

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் ஒரு பெரிய சிபியூவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"எங்க வீட்டு ஜன்னலோரக் கம்ப்யூட்டர்ல கை வெச்சது நீங்கதானே தம்பி?"

சர்வீஸ்காரருக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது.

"எப்படி சார் தெரியும்?"

"அன்னைக்கு சாயங்காலமே தெரியும். பக்கத்துல உட்கார்ந்திருக்கேன், அவ திரையில வளைவு ஒரு நூல் லேட்டா வருதே, கண்ணுக்குத் தெரியாதா?"

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அம்மா உங்க நல்லதுக்குத்தான்..."

"யார் தப்பா எடுத்தது? ஜெயிக்கலாம்னு ஆனதுக்கு அப்புறம்தான் நாற்காலியை விட்டே எழுந்திருக்க மனசு வரலை. அந்தப் பழக்கத்துலயே கையும் வந்துடுச்சு." வலது கை விரல்களை மடக்கி விரித்துக் காட்டினார். "இப்பப் பாவம், தினமும் அவதான் தோக்கறா."

"அப்ப அம்மாவோடதைப் பழையபடி வேகமாக்கிடறேன் சார்."

"அதைத் தொட்டுடாதீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு அவ எவ்வளவு சந்தோஷமா இருக்கா தெரியுமா?" தூக்கி வந்ததை மெல்ல மேசைமேல் இறக்கினார். "இது என்னோடது. இதையும் அதே அளவுக்கு மெதுவாக்கிடுங்க."