அடுப்படிக்கு ஓர் இடம்

வரைபடத்தை மேசைமேல் விரித்தாள்.

துணைவேந்தர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எதிரில் நிற்கும் கட்டடக் கலைஞர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

எப்படித் தெரியும்?

அன்று அவர் இதே பல்கலைக்கழகத்தில் மகளிர் விடுதி வார்டன். இவள் முதலாண்டுப் பெண். எண்ணெய் வழியும் தலை, கையில் வீட்டிலிருந்து வந்த கருவாட்டுப் பொட்டலம்.

பொட்டலத்தைப் பிரித்ததும் வார்டன் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இனிமே நீ வெளிய நின்னே தின்னு. கருவாடு இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி."

ஒரு பொட்டலத்துக்கு மூன்று வருடம்.

கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடியே. முந்நூறு பெண்கள் அவளைப் பார்த்துக்கொண்டே கை கழுவிப் போனார்கள். சில நாள் அந்தத் தண்ணீர் தட்டிலும் தெறிக்கும்.

அவள் தட்டை நகர்த்திக்கொள்வாள். அவ்வளவுதான்.

இப்போது புது விடுதி. ஆயிரம் பேர் தங்க, சாப்பிட. 'நம்ம கடற்கரைச் சாயல் அப்படியே இருக்கணும்' என்று கேட்டதே அம்மாள்தான். வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு அது பிடிக்குமாம்.

கேட்டதைக் கொடுத்தாள்.

பனஞ்சட்டம் போட்ட கூரை. உப்புக்காற்று அரிக்காத சுண்ணாம்புச் சுவர். மணல் முற்றம். உணவுக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே நீளப் பலகை. கை கழுவும் இடத்தில் தட்டோடு ஒருத்தி நிற்க இடமே வைக்கவில்லை.

மாணவிகளைக் கேட்டு எழுதிய உணவுப் பட்டியலும் கூடவே இருந்தது. வாரத்தில் நான்கு நாள் சுட்ட கருவாடு.

அம்மாளின் பேனா அந்த வரியில் நின்றது. மூக்கு லேசாகச் சுருங்கியது.

இவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். அந்த வரியை அடித்துவிட்டால் ஏழு மாத வேலையும் பாழ்.

"சரி, போகட்டும். புள்ளைங்கதான திங்கப்போகுது. நானா?"

கையெழுத்து விழுந்தது.

அடுப்படி, வளாகத்தின் கிழக்கு ஓரத்தில், கடல் பக்கம். அதற்கு நேர் மேற்கே எண்பதடி தள்ளித் துணைவேந்தருக்கான புதுப் பங்களா; அதுவும் இவள் வரைந்ததுதான். நடுவில் ஒரு வேம்பு இருந்தது. முந்தாநாள்தான் அதைப் படத்திலிருந்து அழித்தாள்.

படத்தின் மூலையில், காற்றின் திசை காட்டும் சின்ன அம்புக்குறி. முற்பகலில் கடலிலிருந்து கிளம்பும் காற்று, பொழுது சாயும்வரை ஓயாது. அம்மாள் அம்புக்குறியைப் பார்க்கவில்லை. வரைபடத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை.

அவர் விரல் பங்களாவின்மேல் போய் நின்றது.

"என்னம்மா, நம்ம ஜன்னல மட்டும் இவ்ளோ சின்னதாப் போட்டிருக்கீங்க? கடல் பக்கம் நல்லாப் பெருசா வைங்க. காத்து வரட்டும்."

அவள் பென்சிலைச் சீவினாள். அவசரப்படாமல்.

"எத்தனை அடி வைக்கட்டும், மேடம்?"