சின்னப் பண்ணாடி

“காலேசுக்கு இனி நான் போகலீங்கப்பா. என்னை விட்டுருங்க.”

பருத்திப் பொதியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஈஸ்வரமூர்த்தி சொன்னான். சிலோனிலிருந்து திரும்பிய நாளாய் அவனுக்கு உட்காரத் தெம்பில்லை; படுத்தால் உறக்கமும் இல்லை.

குமாரசாமி கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“நல்லாருக்குது. டாக்டராயிட்டு வருவீங்கன்னு பட்டணத்துக்கு அனுப்புனேன். படிப்பைப் பாதியில போட்டுட்டுக் கடல் தாண்டிக் கொயினா மருந்து ஊத்தப் போனீங்க. இப்ப அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாமா? ஏரு பிடிக்கத் தெரியுங்களா துரைக்கு?”

“கத்துக்கறேன்.”

“மாடு சிரிக்கும் தம்பி.”

சென்னியம்மாள் கம்மங்கூழைக் கரைத்து மகன் கையில் கொடுத்தாள். “உசுரோட வந்து சேர்ந்தானே, அதைப் பாருங்க. ஏன் கண்ணு, அங்க அத்தனை மோசமா?”

“ஊட்டுக்கு ஊடு மலேரியாங்கம்மா. ஒரு வாய் தண்ணி மோந்து குடுக்க ஆளில்லை. காலேசுல வந்து, தொண்டு செய்ய யாரு வாரீங்கன்னு கேட்டாங்க, கையைத் தூக்கிப்போட்டேன். போயி என்ன பண்ணுனோம்? நாங்க மருந்தோட போறதுக்குள்ள பாதிப் பேருக்குக் குழி வெட்டியாச்சு.”

“அதுக்கு நீ என்ன பண்ணுவே?”

“அதுக்கில்லீங்கம்மா. ஒரே ஒருத்தங்க. பொழைச்சிருப்பாங்க. நாந்தான் கெடுத்துப்போட்டேன்.”

கூழ் அப்படியே கையில் இருந்தது. அவன் குடிக்கவில்லை.

“கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். கூலிக்காரங்க இருக்கற லயத்துல கடைசி ஊடு. புருசன் முன்னாடியே போயிட்டானாம். உள்ள நுழைஞ்சதும், ‘வா கண்ணு’ன்னாங்க. நம்ம பேச்சுங்கம்மா. எனக்கு அழுகையே வந்துருச்சு. கொயினாத் தம்ளரை வாங்கிக்கிட்டாங்க. எந்த ஊரு கண்ணுன்னு கேட்டாங்க. சோமனூருப் பக்கம்னேன். யாரு ஊட்டுப் பையன்னாங்க. அப்பா பேரைச் சொன்னேன்.”

கயிறு முறுக்குகிற கை நின்றது.

“அதோட ‘கண்ணு’ங்கற பேச்சு போயிருச்சு. ‘சின்னப் பண்ணாடிங்களா’ன்னாங்க. நம்ம காட்டுல வேலை செய்யறவங்க அப்பாவைக் கூப்பிடற மாதிரியே. எந்திரிச்சு உட்காரப் பார்த்தாங்க, முடியலை.”

“நம்ம பண்ணையத்துல இருந்து கங்காணிகூடக் கப்பலேறுனவ எவளோ,” என்றார் குமாரசாமி அவசரமாக. “பண்ணாடி ஊட்டு ஆளு கையில வாங்கிக் குடிக்கக் கூசியிருப்பா. இதுக்குப் போயி ஒருத்தன் படிப்பை விடுவானா?”

“நானும் அப்படித்தானுங்க நினைச்சேன். இங்க அதெல்லாம் யாரு பார்க்கறாங்க, குடிங்கன்னேன். சரீன்னு தம்ளரைக் கையிலதான் வெச்சிருந்தாங்க.”

“வேறென்ன கேட்டா?” சென்னியம்மாள் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பண்ணாடிச்சி சௌக்கியமுங்களான்னு கேட்டாங்க.”

“அப்பாவைக் கேட்கலையா?”

“இல்லீங்க. ‘டாக்டருக்குப் படிக்கோணும்னு உங்களுக்கு எப்படீங்க தோணுச்சு’ன்னாங்க. பேச்சுக் குடுத்துட்டே இருந்தாக் குடிச்சுருவாங்கன்னு, உள்ளதைச் சொன்னேன். எனக்கு நாலு வயசா இருக்கறப்ப எங்கக்கா காலராவுல போயிட்டாங்க, அன்னைக்கு ஊர்ல ஒரு டாக்டர் இல்லை, அதுக்குத்தானுங்கன்னேன்.”

“சொன்னியா?”

“சொன்னேனுங்கம்மா. என் மூஞ்சியையே பார்த்தாங்க. ‘அப்படீங்களா’ன்னாங்க. தம்ளரைத் தரையில வெச்சுப்போட்டு, ‘இனி வேண்டாமுங்க சின்னப் பண்ணாடி’ன்னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. கெஞ்சுனேன். காலைக்கூடப் பிடிச்சேன். என்கூட வந்த வரதராஜுலுவைக் கூட்டியாந்து குடுக்கச் சொன்னேன். பல்லைக் கடிச்சவங்க கடிச்சவங்கதான். விடியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நானும் அவனும்தான் தூக்கிப்போயிப் பொதைச்சோம்.”

குடிக்காத கூழைத் தரையில் வைத்தான்.

“நான் பண்ணாடி ஊட்டுப் பையன்னு தெரியாம இருந்திருந்தாக் குடிச்சிருப்பாங்க. ஏதோ ஒரு ஊரைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோணலை. ஒரு வாய் மருந்தை உள்ள இறக்கத் தெரியாதவன் டாக்டராகி யாரைப் பொழைக்க வெக்கறது?”

இவ்வளவு நேரம் வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்த குமாரசாமி, முறுக்கு பிரிந்த கயிற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா எப்போது எழுந்து போனாள் என்று ஈஸ்வரமூர்த்திக்குத் தெரியவில்லை.

பின்கட்டில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தான்.

துவைக்கிற கல்லின் மேல் சென்னியம்மாள் கட்டிய சேலையோடு உட்கார்ந்திருந்தாள். தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு உச்சந்தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் மூடிக் கிடந்தது.

“ஏனுங்கம்மா, பொழுது இறங்குன நேரத்துல தலைக்கு ஊத்தறீங்க?”

“பெத்தவ ஊத்திக்கோணுமல்ல கண்ணு.”

“யாருக்குங்க?”

“உங்கக்காளுக்குத்தான். பண்ணையத்துப் பையனைக் கட்டிக்கிட்டு அவ கப்பலேறுன அன்னைக்கே, உங்கப்பா எங்களையெல்லாம் தலைமுழுக வெச்சுப்போட்டு, கேட்டவங்களுக்குக் காலரான்னு சொல்லிட்டாரு.”