மக்கள் ஒட்டிய புள்ளி

வரைபடத்தின் மூலையில் கோணலாக ஒட்டியிருந்த அந்த ஒற்றை மஞ்சள் புள்ளியை உதவிப் பொறியாளர் நகத்தால் சுரண்டி எடுத்தார். எதுவும் வரிசை தப்பி நின்றால் அவருக்குத் தூக்கம் வராது. அலுவலகத்தில் அவருக்கு ‘ஸ்கேல் சார்’ என்றே பெயர்.

நகராட்சியின் கோல்ஃப் மைதானத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள். மக்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதனால் மைதானத்தின் வரைபடத்தைப் பெரிய பலகையில் ஒட்டி, நூலக வாசலில் இரண்டு வாரம் வைத்தார்கள். பக்கத்திலேயே மஞ்சள் ஸ்டிக்கர் தாள். எந்த இடத்தில் புதிதாக ஏதாவது வேண்டுமோ அங்கே ஒரு புள்ளி ஒட்டலாம். புள்ளி எங்கே குவிகிறதோ, அங்கேதான் முதல் வேலை.

குவிந்துவிட்டது. ஒன்பதாவது குழியைச் சுற்றித் தேனீக்கள்போல் மொய்த்திருந்தன புள்ளிகள். ஆணையர் செயற்கை நீரூற்று வைக்க ஆசைப்பட்ட இடமும் அதுவே. மக்களின் மனமும் ஆணையரின் மனமும் இப்படி அச்சு அசலாக ஒத்துப்போனதில் அலுவலகமே புல்லரித்துப்போயிருந்தது.

இந்த ஒன்று மட்டும் பம்பு அறைக்குப் பின்னால், வெறும் புதர் மண்டிய இடத்தில் கிடந்தது. அதன்மேல் பச்சையாக ஒரு விரல் அழுக்கு வேறு. ஏதோ குழந்தை விளையாடியிருக்கும் என்று நினைத்து, அதைத் தன் டைரி அட்டையில் ஒட்டிக்கொண்டார். அறிக்கை நேற்றே அச்சாகிவிட்டது. ஒன்று குறைந்தால் யார் எண்ணப் போகிறார்கள்?

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நால்வர் மைக் செட்காரர்கள். கடைசி வரிசையில், மைதானத்தில் புல் வெட்டும் அம்மாள் மட்டும் மேடையைப் பார்க்காமல், ஓரத்தில் நின்ற வரைபடத்தையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆணையர் மைக்கைப் பிடித்தார். “நூற்று இருபத்தொரு குரல்கள்! நூற்று இருபத்தொரு கனவுகள்! இது என் நீரூற்று அல்ல, மக்களின் நீரூற்று!”

நீரூற்று வேலையை எடுக்கவிருந்த காண்ட்ராக்டர் எழுந்து நின்று கைதட்டினார். ஸ்கேல் சாருக்குக் கை எழவில்லை.

முதல் வாரம் முழுக்கப் பலகை மொட்டையாக நின்றது. ஒரு புள்ளிகூட இல்லையென்றால் வேலையே ரத்தாகிவிடும் என்று பயந்து, ஒரு மதியம் நூலகத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவரே ஒன்பதாவது குழியைச் சுற்றி முப்பது ஒட்டியிருந்தார். மற்றவை வந்து குவிந்தது அதற்குப் பிறகுதான்.

தன் பொய்யைப் பார்த்துத்தானே தொண்ணூறு அப்பாவிகள் அதே இடத்தில் ஒட்டினார்கள் என்று நினைக்க நினைக்க, அவருக்குக் காது மடல் சுட்டது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பரீட்சை எழுதினாள் என்று, மகளுக்கு நேற்றுதான் ஒரு மணி நேரம் உபதேசம் செய்திருந்தார்.

கூட்டம் முடிந்து டீ வந்தது. ஆணையரும் காண்ட்ராக்டரும் பலகைக்குப் பக்கத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கேல் சார் அவர்கள் அருகே போய் நின்றார்.

“சார்... இதுல முப்பது நான் ஒட்டினது சார். தப்புப் பண்ணிட்டேன். மூஞ்சியக் காட்டவே வெக்கமா இருக்கு சார்.”

ஆணையர் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார். இடி விழப் போகிறது என்று ஸ்கேல் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

“மெதுவாப் பேசுய்யா. இதுல நாப்பது என்னோடது.”

“சார், நீங்களா?”

“பின்ன? நான் கார்லயே உக்காந்துக்கிட்டு டிரைவரை விட்டு ஒட்டச் சொன்னேன். வெயில்ல பாவம், மனுஷன் வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டான்.”

காண்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார். “சொல்ல வேணாம்னுதான் இருந்தேன் சார். அம்பது நம்ம பசங்க வேலை. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கட்டுமேன்னு...”

“ஏன்யா, இதை மொதல்லயே சொல்லியிருந்தா என் டிரைவராவது தப்பிச்சிருப்பானே!” ஆணையர் விரல் மடக்கினார். “முப்பது, நாப்பது, அம்பது... நூத்தி இருபது. அறிக்கையில நூத்தி இருபத்தி ஒண்ணுன்னுல்ல இருக்கு?”

ஆணையர் இன்னொரு முறை விரல் விட்டு எண்ணினார்.

“அப்ப ஒண்ணு நெசமாவே ஜனங்க ஒட்டினதா?” ஆணையரின் முகம் மலர்ந்தது. “பரவால்லையே! யாருய்யா அந்த மகராசன்? கூப்பிடு, ஒரு மாலையப் போட்டுப் படம் எடுத்துருவோம்.”

ஸ்கேல் சார் டைரியை நெஞ்சோடு சேர்த்து, அட்டைப் பக்கம் உள்ளே போகும்படி அணைத்துக்கொண்டார்.

காலி நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு புல் வெட்டும் அம்மாள் வந்தார். பலகை முன்னால் குனிந்து, கறை ஏறிப் பச்சையாகிப்போன விரலால், பம்பு அறைக்குப் பின்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பி, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

“ஐயா, பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணும்னு இங்க ஒண்ணு ஒட்டியிருந்தேனே, அதை யாருங்கய்யா எடுத்தது?”