ஒரே ஒரு கீபோர்டுக்கான டிரைவர்

ஏழாவது தடவையாக அதே டிரைவரை அனுப்பியிருந்தான் கட்டெறும்பு.

அது அவன் வைத்துக்கொண்ட புனைபெயர். முகம் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. எரிச்சலில் ‘அவன்’ ஆக்கிவிட்டேன்.

டிரைவர் என்பது ஒரு கருவியைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் சின்ன நிரல். அது போய்ச் சேரும் கெர்னல் கம்ப்யூட்டரின் அடிமடி. அதில் நினைத்தவரெல்லாம் கை வைக்க முடியாது. கீபோர்டு சம்பந்தப்பட்ட எதுவும் நான் படித்து, சரி என்று சொன்ன பிறகுதான் உள்ளே போகும். பல வருடங்களாக அந்த வாசலுக்கு நான்தான் காவல்நாய். நன்றாகவே குரைப்பேன்.

கட்டெறும்புக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

அவனுடைய டிரைவர் செய்வது ஒரே வேலை. ஒரு எழுத்தைத் தட்டியதும் அதே எழுத்து கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி விழுந்தால், இரண்டாவதை விழுங்கிவிடும்.

‘கீபோர்டு கெட்டுப்போனால் புதிது வாங்குங்கள். கெர்னலில் ஒட்டுப் போடாதீர்கள்’ என்று முதல் தடவையே எழுதினேன்.

‘கீபோர்டில் கோளாறு இல்லை’ என்று பணிவாகப் பதில் வந்தது. ‘தட்டுவதே தொழிலாக இருக்கும் ஒருவருக்காக எழுதியது. இது இல்லாவிட்டால் அவர் சீக்கிரமே வேலையை விட்டுவிடுவார்.’

பாவம்தான். ஆனால் ஊரில் இருக்கிற பாவத்தையெல்லாம் கெர்னலுக்குள் கொண்டுவந்து கொட்டினால் அது உருப்படுமா?

மூன்றாவது தடவை மடக்கினேன். வேண்டுமென்றே ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டுகிறவர் என்ன செய்வார்? அதற்கும் பதில் வைத்திருந்தான். வேண்டுமென்றே தட்டும்போது ஒரு நூல் அளவு இடைவெளி கூடுதலாக விழுகிறதாம். கவனித்துப் பார்த்தானாம்.

வெட்டச் சொன்னதையெல்லாம் வெட்டினான். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, நானூறு வரி அறுபது ஆனது. அந்த அறுபதில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுக்க மாட்டேன் என்று நின்றான்.

எனக்கு ரத்தம் கொதித்ததே அந்த வரியில்தான். இந்த டிரைவர் எல்லாக் கீபோர்டோடும் சேராது. குறிப்பிட்ட ஒரு வரிசை எண் கொண்ட, ஒரே ஒரு கீபோர்டோடு மட்டும்தான் சேரும். அந்த ஒருவருடைய விரலுக்கு அளந்தது, மற்றவர்களுக்கு ஆகாது என்றான். கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குள் போகிற கெர்னலில், யாரோ ஒருத்தர் மேசைக்கு மட்டும் தனி வாசலா?

கெர்னலின் அடுத்த வெளியீட்டுக்குப் புதியவற்றைச் சேர்ப்பது இன்று மாலையோடு நிற்கிறது. அதற்குள் தயவு செய்யுங்கள் என்று மன்றாடியிருந்தான்.

கணவர் தேநீரோடு வந்தார். அவரும் புரோகிராமர்தான், பக்கத்து அறையில் அவருக்கு மேசை.

“பாருங்க, அந்த ஆளு மறுபடியும் அனுப்பியிருக்கான். ஒரு கீபோர்டு வாங்கத் துப்பில்ல!”

“வாங்கினா சரியாப் போயிடும்னா வாங்கியிருக்க மாட்டானா?” என்று சொல்லிவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் இவர் வக்கீல்.

முந்தைய ஆறையும் படித்த கையோடு திருப்பியனுப்பியிருந்தேன். ஏற்றிப் பார்க்கும் தகுதிகூட அவற்றுக்கு இல்லை என்று நினைப்பு. இன்று என் கம்ப்யூட்டரிலேயே ஏற்றினேன். ‘பொருந்தும் கருவி இல்லை’ என்று திரையில் வரும். அதை வெட்டி ஒட்டி, யாருக்கும் உதவாது என்று எழுதி, ஒரேயடியாகத் தலைமுழுகிவிடலாம்.

‘கருவி கிடைத்தது. இணைந்தது’ என்று வந்தது.

கீபோர்டைக் கவிழ்த்தேன். அதன் முதுகில் ஒட்டியிருந்த எண்ணையும் அந்த வரியில் இருந்த எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டேன். அறுபது வரியைச் சல்லடை போட்டுச் சலித்தவள், என் மேசையில் கிடந்த எண்ணை ஒருநாளும் பார்த்ததில்லை.

இதைக் கவிழ்த்துத் தூசி தட்டுகிறவர் இந்த வீட்டில் ஒருவர்தான்.

என் வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போய் வெகு நாளாகிறது. ஒன்று தட்டினால் இரண்டு விழும். அழிப்பேன், தட்டுவேன், மறுபடி அழிப்பேன். சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் எதையும் அனுப்புவேன். அதனால் யாருக்கும் தெரியாது என்று இருந்தேன். இந்தப் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவதாக ஒரு கடிதம்கூடப் பாதி எழுதி வைத்திருந்தேன். நான் அழிக்கிற சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே மனுஷன்!

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியும். கீபோர்டு சரியில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அதே கோபத்தோடு பதில் எழுதினேன். டிரைவர் ஓடிக்கொண்டிருந்தது, ஓர் எழுத்தும் இரண்டாக விழவில்லை.

‘நிராகரிக்கிறேன். ஒருவருக்காக மட்டும் எழுதிய டிரைவர் கெர்னலுக்குள் வராது. அந்த எண்ணைத் தூக்கிவிட்டு, இடைவெளியை அவரவர் கைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளும்படி செய்து, என்னைப் போலக் கை நடுங்கும் எல்லோருக்குமாக அனுப்பவும்.’

எங்கள் பதில்கள் எல்லாம் பொதுவில் போகும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் படிப்பார்கள். ‘என்னைப் போல’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அழிக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தது. வருகிறார் என்று அவசரமாகக் கண்ணைத் துடைத்தேன்.

வரவில்லை. படபடவென்று தட்டுகிற சத்தம்தான் கேட்டது. மாலைக்குள் எட்டாவதை அனுப்பியாக வேண்டுமே.