புடலங்காய்க்குக் கட்டிய கல்

கிணறு வற்றியதும் என் பந்தலில் இருந்த கொடி காய்ந்தது. பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அக்காவும் என்னைப் போலப் பாத்திரம் கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றினாள். அவள் புடலை மட்டும் மதிலேறி என் பந்தலில் படர்ந்து, என் பக்கமே ஒரு பிஞ்சைத் தொங்கவிட்டது.

"நுனியில ஒரு கல்லைக் கட்டிவிடு தம்பி. இல்லன்னா சுருண்டுக்கும்" என்றாள். "உன் பந்தல் சும்மாதானே கெடக்கு."

வயிறு எரிந்தது. பாக்கு அளவுக் கல் போதும். நான் கைப்பிடி அளவுக்குக் கருங்கல் தேடிக் கட்டினேன். அறுந்து விழுந்தால் வெயில் மேல் பழியைப் போடலாம்.

தினமும் மத்தியானம் போய்ப் பார்த்தேன். விழவில்லை. காய் கோடு போட்ட மாதிரி நேராக நீண்டுகொண்டே போனது. இன்று காம்பில் ஒரு கீறல் தெரிந்தது. ஏனென்று தெரியவில்லை, கல்லுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தேன். கனம் முழுக்க என் கையில் இறங்கியது.

மதிலுக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது. கல்லைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கையை எடு தம்பி. அது தாங்கும்."

நான் எடுக்கவில்லை. கை மரத்துக்கொண்டு வந்தது. அவளும் நகரவில்லை.